பை நடந்த வழி

குண்டூசி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆள் சின்னவள், பேச்சு கூர்மை. போதாததற்குப் பை தைக்கிற வீட்டில் பிறந்துவிட்டாள். பிறகு வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவளுக்கென்று ஒரு சொல் இருந்தது. "முடியாது." எடுத்ததற்கெல்லாம் அதைச் சொல்ல மாட்டாள். சொல்லிவிட்டால் சொன்னதுதான்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவளுடைய மேசை மேல் நீலத் துணி விரித்திருந்தது. அப்பா பெரிய கத்தரிக்கோலால் அதைச் சரக் சரக்கென்று வெட்டிக்கொண்டிருந்தார். கட்டில் மேல் பைகள் குவிந்து கிடந்தன. தலையணையைக் காணவே காணோம்.

"அப்பா, இது என் மேசை."

"ரெண்டே நிமிஷம்டா கண்ணு."

அப்பாவின் இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெருவுக்கே தெரியும். குண்டூசி தரையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, கணக்குப் பாடத்துக்குக் கோடு போட்டாள். ஸ்கேல் இல்லாமல் போட்ட கோடு பாம்பாக நெளிந்தது. அவளுடைய மர ஸ்கேல் தொலைந்து பல நாள் ஆகிவிட்டது. ஒரு முனையில் அவளுடைய பல்தடம் இருக்கும். யோசிக்கும்போது கடிப்பாள். அந்த ஸ்கேலைத் தேடாத இடம் இல்லை. வகுப்பில் தினமும் பக்கத்துப் பெண்ணிடம் கடன் கேட்டுக் கேட்டு அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

இந்த வீட்டில் எதுதான் தொலையவில்லை? அம்மா பை தைத்தாள். அப்பா துணி வெட்டினார். தொழில் சின்னதுதான், ஆனால் அது வீட்டையே விழுங்கிவிட்டது. துணிச் சுருள்கள் குண்டூசியின் கட்டிலுக்கு அடியில். பைக்குள் வைக்கும் பஞ்சு அட்டை அவளுடைய அலமாரி மேல். ஜிப்புகள் சமையலறை ஆணியில் தொங்கின. வார்களில் மாட்டும் சின்னச் சின்னக் கொக்கிகள் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்து டப்பாவில் இருந்தன. போன வாரம் அப்பா சர்க்கரை என்று நினைத்து ஒரு கரண்டி கொக்கியை டீயில் போட்டுக் கலக்கிவிட்டார். 'கிணிங்' என்று சத்தம் வந்ததும்தான் தெரிந்தது. நல்லவேளை, குடிக்கவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தாள். அப்பாவுக்கு அக்கா. அத்தை பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் தலையாட்டத்தான் முடியும்.

"நாளன்னைக்குக் கடைக்காரம்மா வர்றாங்களாமே?"

"ஆமா அண்ணி," என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "மாதிரிக்கு ஒரு பை குடுத்தோம்ல, அது ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். பள்ளிக்கூடம் திறக்கறப்போ கடைக்கு வேணும்கிற பை எல்லாத்தையும் நம்மகிட்டயே வாங்கிக்கறேன்னு சொல்றாங்க. ஆனா தைக்கிற இடத்தைப் பாக்கணுமாம்."

அத்தை வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "இந்தக் குப்பைமேட்டையா? பாத்தா வந்த வழியே திரும்பிடுவாங்க. பேசாம எல்லாத்தையும் அள்ளிப் பின் அறையில போட்டுப் பூட்டு. முன் அறையில மெஷினும் நாலு நல்ல பையும் இருந்தா போதும்."

"அப்புறம், ஆர்டர் வந்ததும் எப்படித் தைக்கறது?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆர்டர் கிடைக்கலைன்னா மெஷினை வித்துட்டு ஏதாவது கம்பெனியில தைக்கப் போ. எத்தனை நாள்தான் இப்படி இழுத்துக்கிட்டே இருப்பே?"

அம்மாவின் கை மெஷினின் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. அந்த மெஷினை வாங்க அவள் எத்தனை ஆசையை அடக்கி வைத்தாள் என்று குண்டூசிக்குத் தெரியும். அத்தை மேல் கோபம் கோபமாக வந்தது.

"பின் அறைதான் என் அறை. அதைப் பூட்டிட்டா நான் எங்க இருக்கறது?" என்றாள்.

"ஒரு நாள்தானே! பக்கத்து வீட்டுல போய் விளையாடு."

"முடியாது."

"வாயைப் பாரு!" என்றாள் அத்தை.

அப்பா சமாதானம் பேச வந்தார். "ஏன்டா குண்டூசி இப்படிக் கோவிச்சுக்கறே? நாங்க உன் அறைக்கு அடிக்கடியா வர்றோம்? எப்பவோ ஒரு தடவை எட்டிப் பாக்கறோம். அவ்வளவுதானே?"

எப்பவோ ஒரு தடவையா? குண்டூசிக்கு மூக்கு சிவந்தது. வாயால் சொன்னால் இவர்கள் நம்பப் போவதில்லை. காட்டத்தான் வேண்டும்.

மறுநாள் பள்ளி விடுமுறை. அப்பா காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து பச்சைத் துணிச் சுருளை இழுத்தார். குண்டூசி ஒரு வெள்ளைச் சாக்பீஸோடு அவருக்குப் பின்னால் தயாராக நின்றாள்.

"என்னடா பண்றே?"

"ஒண்ணுமில்லை. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

துணி கட்டிலிலிருந்து மேசைக்குப் போனது. குண்டூசி தரையில் கோடு போட்டாள். வெட்டிய துண்டு முன் அறைக்கு, அம்மாவின் மெஷினுக்குப் போனது. கோடும் கூடவே போனது. அம்மா எழுந்து ஜிப் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். கோடு போனது. திரும்பி வந்தாள், கோடும் வந்தது. பஞ்சு அட்டை எடுக்க மறுபடி பின் அறை. திரும்ப மெஷின். கொக்கிக்காகச் சமையலறை. மறுபடியும் மெஷின். வார் எங்கே, வார் எங்கே என்று வீடு முழுக்கத் தேடல். கோடும் முனகாமல் தேடியது. கடைசியில் நூல் பிசிறு வெட்டக் குண்டூசியின் கட்டில், அடுக்கி வைக்கச் சமையலறை மூலை.

ஒரே ஒரு பச்சைப் பை தைத்து முடிந்தது. குண்டூசியின் இடுப்பு ஒடிந்துவிட்டது. சாக்பீஸ் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

"அப்பா, அம்மா, இங்க வாங்க. தரையைப் பாருங்க."

இருவரும் பார்த்தார்கள். பூனைக்குட்டி விளையாடிய நூல்கண்டு போலத் தரை முழுக்க ஒரே சிக்கல். பின் அறை வாசலில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வெள்ளைப் பட்டையாகவே ஆகிவிட்டது.

"இது ஒரு பை நடந்த வழி," என்றாள் குண்டூசி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணு. என் அறைக்கு எப்பவோ ஒரு தடவை வர்றீங்களா?"

அப்பா தலையைச் சொறிந்தார்.

அம்மாதான் வாசலில் உட்கார்ந்து அந்தப் பட்டையை வெகுநேரம் பார்த்தாள். "நான் நாள் பூராத் தைக்கிறேன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள் மெதுவாக. "பாதி நாள் நடந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன். அதான் ராத்திரி கால் இப்படி வலிக்குது. கடைக்கே தைக்கணும்னா இப்படி நடந்து எந்தக் காலத்துல முடிக்கறது?"

"பை ஏன் நடக்கணும்?" என்றாள் குண்டூசி. "சாமான் எல்லாம் வரிசையா நிக்கட்டும். பை அது பாட்டுக்கு வரிசையில போகட்டும்."

"வரிசை எங்க நிக்கும்? இடம் வேணாமா?" என்றார் அப்பா.

"முன் அறையில நிக்கட்டும். என் அறையில முடியாது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டாள்.

அன்று வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. மொட்டை மாடியில் சும்மா கிடந்த பழைய கதவை அப்பா முதுகில் சுமந்து கொண்டுவந்தார். இரண்டு பெட்டிகள் மேல் அதைப் படுக்க வைத்ததும் அருமையான வெட்டு மேசை ஆகிவிட்டது. துணிச் சுருள்கள் அதற்கு அடியில் போயின. பக்கத்தில் பஞ்சு அட்டை. அடுத்தது அம்மாவின் மெஷின். அம்மா உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஆணி அடித்து, ஜிப்புகளை நிறம் பார்த்துத் தொங்கவிட்டார்கள். ஜன்னலில் கொக்கி டப்பா, வார்க் கட்டு. அதைத் தாண்டி, வெளிச்சம் விழும் இடத்தில், பிசிறு வெட்ட ஒரு முக்காலி. தெருக்கதவுக்குப் பக்கத்தில் முடிந்த பைகளுக்கு ஒரு தட்டு.

சர்க்கரை டப்பாவுக்குக் கடைசியில் நிம்மதி கிடைத்தது.

குண்டூசி மஞ்சள் சாக்பீஸ் எடுத்தாள். இந்த முறை ஒரு சிவப்புப் பையின் பின்னால் போனாள். கோடு சுவரை ஒட்டி வளைந்து ஒரே போக்காக வாசலில் போய் முடிந்தது. இடுப்பும் வலிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை துடைப்பமும் வாளியுமாக வந்து சேர்ந்தாள். வரிசையைப் பார்த்து வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். தரையைப் பார்த்ததும் மறுபடி திறந்தாள்.

"இதென்ன கிறுக்கல்? அவங்க வர்ற நேரம் ஆச்சு. முதல்ல இதைத் துடை!"

"முடியாது, அத்தை."

"மானம் போயிடும்டி!"

"பழைய வழியைத் துடைச்சுட்டா புது வழி எவ்வளவு நல்லா இருக்குன்னு எப்படித் தெரியும்?" குண்டூசி வெள்ளைக் கோட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைத் துடைக்காமல் தரையைத் துடைக்க முடியாது. அத்தை வாளியோடு நின்றாள்.

அப்போதுதான் கடைக்காரம்மா உள்ளே வந்தார். பெரிய மூக்குக்கண்ணாடி, கையில் அம்மா கொடுத்த மாதிரிப் பை. வந்தவர் பைகளைப் பார்க்கவில்லை. நேராகத் தரையைத்தான் பார்த்தார்.

அப்பாவுக்கு வியர்த்தது. "அது வந்து... பிள்ளைங்க விளையாட்டு..."

"விளையாட்டு இல்லை," என்றாள் குண்டூசி. "வெள்ளைக் கோடு, நாங்க முன்னாடி பை தைச்ச வழி. மஞ்சள் கோடு, இப்போ தைக்கிற வழி."

கடைக்காரம்மா வெள்ளைக் கோட்டின் மேல் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார். சமையலறை வாசலில் குழம்பி நின்றுவிட்டார். பிறகு மஞ்சள் கோட்டைப் பிடித்தார். கதவு மேசை, பஞ்சு அட்டை, மெஷின், ஜன்னல், முக்காலி, தட்டு. தெருக்கதவு வரை போய்த் திரும்பினார்.

"வழி நல்லா இருக்கு," என்றார். "ஆனா ஒரு சந்தேகம். இந்தப் பையை எங்க வச்சாலும் நிமிர்ந்து நிக்குது. அதனாலதான் எனக்குப் பிடிச்சது. இங்க இருக்கற பை எல்லாம் சரிஞ்சு உட்காருதே! இது மாதிரியே தைக்க முடியுமா முடியாதா?"

அம்மா மாதிரிப் பையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அதே துணிதான். அதே பஞ்சு அட்டைதான். ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. அவளுடைய முகம் வாடிவிட்டது.

குண்டூசி எழுந்து வந்து பையின் முதுகைத் தொட்டாள். உள்ளே ஏதோ நீளமாக, தட்டையாக, கெட்டியாக இருந்தது. விரலால் தடவிக்கொண்டே போனாள். முனையில் சொரசொரவென்று மேடு பள்ளம்.

"இது என் ஸ்கேல்!"

அத்தை அவளுடைய தோளைக் கிள்ளி, "சும்மா இரு," என்று பல்லைக் கடித்தாள்.

"முடியாது," என்றாள் குண்டூசி. "அது என் ஸ்கேல்தான். பல்தடம்கூட இருக்கு. எங்க வீட்ல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்தது. அப்போ பஞ்சு அட்டையோட சேர்த்து அம்மா இதையும் தைச்சுட்டாங்க."

அம்மா ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு பிளேடை எடுத்து முதுகுத் தையலைப் பிரித்தாள். மர ஸ்கேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பை அப்படியே மடிந்து சரிந்தது.

கடைக்காரம்மா ஸ்கேலைப் பார்த்தார். பல்தடத்தைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிரித்துச் சிரித்துக் கதவு மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, நாளைக்கு என் கடைப் பைக்குள்ள வேற என்னவெல்லாம் இருக்கும்? உன் சாக்ஸா?"

"இருக்காது," என்றாள் குண்டூசி. மஞ்சள் கோட்டைக் காட்டினாள். "என் சாமான் இந்த வழிக்கு வராது. பை என் அறைக்கு வராது."

"அப்போ என் பை எப்படி நிமிர்ந்து நிக்கும்?"

இதற்கு அம்மா பதில் சொன்னாள். இப்போது அவளுடைய குரலில் தயக்கம் இல்லை. "முதுகுல ஒரு மெல்லிசான பட்டை வச்சுத் தைக்கலாம்மா. தப்பா நடந்ததை இனிமே தெரிஞ்சே செய்யறோம். பட்டையை வைக்க இடமும் இருக்கு. பஞ்சு அட்டைக்கும் மெஷினுக்கும் நடுவுல."

"உங்க ரெண்டு பேரால இத்தனை பை தைக்க முடியுமா?"

"பிசிறு வெட்டவும் வார் மாட்டவும் ஒரு ஆள் சேர்த்துப்போம். முன்னாடின்னா புதுசா வர்றவங்களுக்கு எது எங்க இருக்குன்னு சொல்லவே ஒரு மாசம் ஆகும். இப்போ கோட்டைப் பாத்தாலே போதும்."

கடைக்காரம்மா எழுந்து சேலையைச் சரிசெய்தார். "பட்டை வச்சு ஒண்ணு தைச்சு அனுப்புங்க. நின்னுதுன்னா இந்த வருஷம் என் கடைப் பை எல்லாம் உங்க பைதான்." வாசல் வரை போனவர் திரும்பி, "அந்தப் பொண்ணை ஒரு நாள் என் கடைக்கு அனுப்புங்க. கையில சாக்பீஸோட," என்றார்.

அவர் போனதும் அத்தை வாளியைக் கீழே வைத்தாள். "தரையைத் துடைக்க வேணாம்னு நான் அப்பவே நெனைச்சேன்," என்றாள். மற்றவர்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

பட்டை வைத்த பை நிமிர்ந்து நின்றது. ஆர்டர் வந்தது. கூடவே துணிச் சுருள்களும் வந்து இறங்கின. கதவு மேசைக்கு அடியில் ஒரு சுருளுக்கு மட்டும் இடம் போதவில்லை. அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு பின் அறை வாசலில், பழைய வெள்ளைப் பட்டைக்கு வெளியிலேயே நின்று, குழைந்தார்.

"குண்டூசி, இது ஒண்ணே ஒண்ணுதான்டா. உன் கட்டிலுக்கு அடியில... ரெண்டே நிமிஷம்..."

குண்டூசி தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"முடியாது," என்று சொல்லிவிட்டு, பல்தடம் பதிந்த ஸ்கேலை நோட்டில் வைத்து, நேராக ஒரு கோடு போட்டாள்.