நேர்ந்துவிட்ட தாடி

தங்கத்தாய்க்கு வலது தோளிலிருந்து கழுத்து வரை நரம்பைப் பிடித்து முறுக்கியது போல வலி. விடியுமுன்னே உப்பளத்தில் இறங்கி, பதினோரு மணி வரை தலையில் உப்புச் சுமந்துவிட்டு வந்திருந்தாள். உள்ளங்கால் வெடிப்புகளில் உப்பு ஏறி எரிந்தது. அந்த எரிச்சலோடு கதவைத் தள்ளிக் கட்டிலைப் பார்த்தாள். அதிகாலையில் முத்துச்செல்வத்தின் தாடி சட்டையின் இரண்டாவது பொத்தானோடு நின்றிருந்தது. இப்போது மூன்றாவது பொத்தானை மூடியிருந்தது.

வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் புருசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். ஒன்றரை வருடத்துக்கு முன் அடுக்கி வைத்த அட்டி சரிந்து மூட்டைகளுக்கு அடியில் கிடந்தான். அன்று பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் நேர்ந்துகொண்டாள். "உயிரு மட்டும் போயிரக் கூடாது முருகா. மத்தது எப்படி இருந்தாலும் சரி. அவுகளைக் கொண்டாந்து செந்தூர்க் கடற்கரையில முடி எறக்குதேன்." உயிர் போகவில்லை. கையும் காலும் பேச்சும் போயின. கண் மட்டும் அவள் போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது.

முந்தின நாள்தான் தபால்கார ஜெபின் வந்திருந்தான். பென்ஷன் தொடர்ந்து வர, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். நாலு தடவை காட்டியும் போன் ஏற்கவில்லை.

"என்னக்கா, அண்ணாச்சி சாமியாராப் போற உத்தேசமா? பழைய போட்டோவுல தாடி இல்லேல்லா, ஆளைத் தெரியலைங்கு."

"இப்ப என்னடே செய்ய?"

"வழிச்சு வைங்க. சனிக்கிழமை மத்தியானம் வாரேன். அன்னைக்கோட கெடு முடியுது. விட்டா பென்ஷன் நின்னுரும்."

பென்ஷன் நின்றால் செந்தூரும் நின்றுவிடும். படுத்த ஆளை அப்படியே ஏற்றுகிற வண்டி பேசவும் தூக்கிவிட நாலு ஆள் பிடிக்கவும் அந்தப் பணத்தைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

சலூன்கடை செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டாள். அவர் வந்து, மோவாயை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, பெட்டியை மூடினார்.

"நேர்ந்த முடி மதினி. இதுல நான் கத்தி வைக்க மாட்டேன்."

"மொகத்தை மட்டும் அண்ணாச்சி. தலையை அப்படியே விட்டுருவோம்."

"நீங்க நேரும்போது பிரிச்சா நேர்ந்திய?"

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ரேசர் இரண்டு இழுப்பில் அடைத்துக்கொண்டது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று இருந்தது. எந்த நாட்டுக் கப்பல்காரனோ முத்துச்செல்வத்துக்குக் கொடுத்தது. அவன் அதைத் தொட்டதில்லை. அலகு மங்கிப்போயிருந்தது.

அரிவாள்மனை தீட்டுகிற கல்லில் முதலில் தேய்த்தாள். மீன் அறுக்கிற கைக்கு அதுதான் தெரியும். கத்தி தாடியை அறுக்கவில்லை, பிடுங்கியது. அவன் கண்ணில் நீர் வழிந்தது. பக்கத்து வீட்டில் வழவழப்பான சாணைக்கல் இரவல் வாங்கினாள். கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுகிற மாதிரிப் படுக்கவைத்து, வாயை முன்னால் விட்டுத் தள்ள வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்தே கண்டுபிடித்தாள். பிறகு அவனுடைய பழைய தோல்பெல்ட்டைக் கட்டில் காலில் மாட்டி இழுத்துப் பிடித்து, முதுகை முன்னால் விட்டுத் தீட்டினாள். அப்படித் தீட்டினால்தான் பிசிறு போயிற்று. கை முடி ஒன்றைப் பிடுங்கிக் கத்தி வாயில் வைத்தாள். தொட்டதும் இரண்டாயிற்று.

புதன்கிழமை உச்சிவேளையில் கத்தரியால் நறுக்கி, சோப்பு நுரை பூசி, இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து இறக்கினாள். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது. நுரையைத் துடைத்து வலது கன்னத்தைத் தடவினால் உப்புக்கல் மேல் கை வைத்தது போலிருந்தது.

சரியாக வழிக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை உப்பளத்திலிருந்து வந்தபோது தாடி மறுபடி நெஞ்சில் கிடந்தது.

அன்று அவள் ஒரு சத்தத்தைக் கேட்டாள். வெயில் ஏற ஏறப் பாத்தித் தண்ணீரில் உப்பு கட்டும்போது, குனிந்து கேட்டால் மட்டும் கேட்கிற மெல்லிய நொறுநொறுப்பு ஒன்று உண்டு. இருபது வருடமாக அவள் காதுக்குப் பழகிய சத்தம் அது. காக்கைகூடக் கத்தாத அந்த வேளையில், மின்விசிறி நின்று கிடந்த அறையில், சோப்பும் மூத்திரத் துணியும் மணக்கிற கட்டிலுக்கு மேலே அவள் மறுபடி வழிக்கக் குனிந்திருந்தபோது, அது அவன் கன்னத்துக்குள்ளிருந்து கேட்டது. கத்தி ஒருமுறை வழுக்கியது. தாடையில் நகநீளத்துக்கு வெட்டு. ரத்தத்துக்குக் காத்திருந்தாள். ரத்தம் வரவில்லை. வெட்டுக்குள்ளிருந்து கறுப்பாக நுனிகள் வந்தன.

அப்போதே செந்தூர்பாண்டியின் கடைக்கு நடந்தாள். அவர் அவள் கையிலிருந்த கத்திக் கீறல்களைப் பார்த்தார்.

"வீட்டுல வச்சு வழிச்சியளாக்கும்?"

"வெட்டுன முடியெல்லாம் சாக்குல கட்டி வச்சிருக்கேன் அண்ணாச்சி. அதைக் கொண்டுபோய்ப் போட்டா ஆவாதா?"

"அங்கன வச்சு எறக்குத முடிதான் மதினி சேரும். இனிமே கத்தி வைக்காதிய. ஆளைக் கொண்டுபோங்க."

"எதை வச்சு? பென்ஷன் வந்தாத்தானே வண்டி. மொகம் தெரிஞ்சாத்தானே பென்ஷன்."

அவர் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. ஏழு தடவை வழித்தாள். ஒவ்வொரு தடவைக்கும் கத்தி மழுங்கியது. ஒவ்வொரு தடவையும் கல்லில் வைத்தாள், பெல்ட்டில் வைத்தாள். அலகு தேய்ந்து பாதி அகலமாயிற்று. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்தது. மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. சாக்கு நிறைந்து இரண்டாவது சாக்கு எடுத்தாள். அவன் கண் கத்தியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. போதும் என்கிறானா, விடாதே என்கிறானா? எட்டு வருடம் கூடப் படுத்தவளுக்கு அது தெரியவில்லை.

சனிக்கிழமை.

காலையிலிருந்து வழித்தாள். ஒரு கன்னத்தில் கை இருக்கும்போது மறு கன்னம் கறுத்தது. நுரைக்கு நேரமில்லை. தண்ணீர் மட்டும். பிறகு அதுவும் இல்லை. முழுமுகத்தை அவள் பார்க்கவே இல்லை. கத்தி போகிற அங்குலத்தை மட்டும் பார்த்தாள். தோல் மெலிந்துகொண்டு வந்தது. எண்ணெய் பட்ட காகிதம் போல. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மூடிவிடும்.

நொறுநொறுப்பு இப்போது குனியாமலே கேட்டது.

"அக்கா." வாசலில் ஜெபின். "உள்ள என்ன இப்படி வாடை அடிக்கி? நான் இங்கன நிக்கேன். நீங்களே போனை மொகத்துக்கு நேரா புடிங்க. வட்டத்துக்குள்ள வரணும்."

கதவிடுக்கில் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். கடைசியாக ஒரு இழுப்பு. இடதில். வலதில். கத்தியைக் கீழே போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

வட்டம் வந்தது. வட்டத்துக்குள் முகம் வந்தது.

அப்போதுதான் முழுதாகப் பார்த்தாள்.

கன்னம் இல்லை. கன்னம் இருந்த இடத்தில் பல்வரிசை காது வரை திறந்து கிடந்தது. தாடை எலும்பு கழுவி வைத்தது போல வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை. கண்கள் மட்டும் அவன் கண்கள்.

கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் போன் கேட்டது.

சிமிட்டினான்.

திரையில் பச்சையாக ஒரு குறி விழுந்தது. அதன் கீழே, உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது என்று எழுத்து வந்தது.

"ஆயிட்டாக்கா?"

"ஆயிட்டு," என்றாள். அவள் குரல் அவளுக்கே பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது.

"பெறவென்ன. இன்னும் ஒரு வருசத்துக்குக் கவலையில்ல. போனைக் குடுங்க, இன்னும் மூணு வீடு போவணும்."

அவள் கை இறங்கவில்லை. வட்டத்துக்குள், வெள்ளை எலும்பில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு ஏறியது. பல் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய முடி முளைத்து, நீண்டு, அவன் விடுகிற மூச்சில் அசைந்தது.

செந்தூருக்கு முத்துச்செல்வத்தின் முடி இன்னும் பாக்கி.