பொழுதுபோக்குப் பாலம்

கணினிக் கடையின் மதிப்புமானி மூன்றாவது முறையும் அதே விலையைத்தான் சொன்னது: பதினொரு லட்சத்து நாற்பதாயிரம்.

சிவகாமி மேசைமேல் இருந்த இரண்டு உயர்திறன் கணினிகளையும் மறுபடி பார்த்தாள். ஒன்று மேரு ரகம், மற்றது வைரம் ரகம். மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளேயும் பார்த்தாகிவிட்டது. அதே சில்லு, அதே நினைவகம், அதே விசிறி. அவளுக்குச் சற்று முன் வந்த கல்யாண வீடியோக்காரர் இதே மேருவை இரண்டு லட்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

பொருளுக்கு விலை என்பது ஒழிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பயனுக்குத்தான் விலை. கணினியில் என்ன வேலை செய்யப்போகிறோம் என்று மதிப்புமானியிடம் சொல்ல வேண்டும். அதனால் உலகுக்கு எவ்வளவு நன்மை என்று கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை அது விலையாகக் கேட்கும். இது நியாயம் என்று சட்டம் போட்டவர்கள் சொன்னார்கள்.

சிவகாமி தனியாகத் தொழில் செய்யும் கட்டுமானப் பொறியாளர். பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், பழைய மார்க்கெட் மேம்பாலத்தின் மூன்றாவது தூணில் ஒரு விரிசலைப் பார்த்து, மூன்று வாரம் அளந்தாள். அது வளர்ந்துகொண்டிருந்தது. பாலம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்கிட அவளுடைய பழைய கணினிக்குத் திராணி இல்லை. அதைத்தான் மதிப்புமானியிடம் சொன்னாள். தினமும் முப்பதாயிரம் பேர் போகும் பாலம் என்றும் சொன்னாள். விலை ஏறிவிட்டது.

உயிரைக் காப்பாற்றுவதற்கு அபராதமா என்று கடைக்காரர் ஆறுசாமியிடம் பாய்ந்தாள். அவர் அசரவில்லை.

"டாக்டருங்கெல்லாம் என்ன சொல்லி வாங்கறாங்கன்னு நெனைக்கறீங்க அம்மிணி? போன வாரம் ஒரு இருதய டாக்டரு, பையன் பொம்மப் படம் பாக்கறதுக்குன்னு சொல்லி அறுபதாயிரத்துல முடிச்சுட்டாரு. மட்டம் தட்டிப் பேசோணுமுங்க. நம்மூர்ல யாரு உள்ளதச் சொல்லிச் சாமான் வாங்கறாங்க?"

பேரம் பேசும் ஊர். பொருளை மட்டம் தட்டிப் பழகிய வாய்களுக்குத் தங்களையே மட்டம் தட்டிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. வாங்குபவரின் சொல்லைச் சந்தேகப்பட மதிப்புமானிக்குச் சட்டத்தில் இடமும் இல்லை. சிவகாமி மறுபடி அதன் முன் நின்றாள். தன் கணக்கை யாரும் படிக்கப்போவதில்லை, சும்மா கோடு போட்டுப் பார்ப்பது, வெறும் பொழுதுபோக்கு என்றாள். சொல்லும்போது நாக்கு கசந்தது. விலை அறுபத்தெட்டாயிரத்தில் வந்து நின்றது.

பன்னிரண்டு நாளில் விடை கிடைத்தது. லாரிகளை நிறுத்தாவிட்டால் பாலத்துக்கு ஐம்பது நாள்.

அறிக்கையை மாநகராட்சிக்கு அனுப்பினாள். இரண்டே நொடியில் பதில்: பொழுதுபோக்கு வகைப் படைப்புகள் ஏற்கப்படமாட்டா. வாங்கும்போது சொன்ன பயனை ஒவ்வொரு கோப்பிலும் கணினி முத்திரையாகக் குத்திவிடும். அந்த முத்திரையைப் படிக்கும் வடிகட்டியை மாநகராட்சி அந்த மாதம்தான் வைத்திருந்தது.

நேரில் போய்ச் சண்டை போட்டாள். உதவிப் பொறியாளர் குப்புராஜ் அறிக்கையைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். அவர் முகம் வெளிறியது. ஆனாலும் உயர்மதிப்பு முத்திரை இல்லாமல் பாலத்தை மூடும் கோப்பைத் திறக்க வழியில்லை என்றார்.

"அப்ப உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நீங்களே கணக்குப் போடுங்க."

குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். "டெண்டர்ல கம்மி வெலைக்கு வேணும்னு, கேரம் வெளையாடறதுக்குன்னு சொல்லி வாங்குனதுங்க மேடம் அது."

பதிவேட்டைப் புரட்டினார். மருத்துவமனைகள், கல்லூரிகள், குடிநீர் வாரியம் எல்லாமே பொழுதுபோக்கு. உயர்மதிப்பு முத்திரை உள்ள கணினி ஊருக்கே ஒன்றுதான் இருந்தது. உரிமையாளர் வெற்றிவேந்தன். தொண்ணூறு நாளில் கோடீஸ்வரர் ஆக்கும் பயிற்சியாளர். தன்னைக் குறைத்துப் பேச அவருக்கு வாய் வராது. மனித குலத்தின் தலையெழுத்தையே மாற்றப்போவதாகச் சொல்லி, முப்பத்தொரு லட்சம் கொடுத்து அதே மேருவை வாங்கியிருந்தார். அதில் அவர் செய்யும் வேலை, வீடியோவில் தன் பற்களை வெளுப்பாக்குவது.

சிவகாமி தேடிப் போனபோது அவர் பணம் கேட்கவில்லை. அறிக்கை தன் பெயரில் போக வேண்டும் என்றார், அவ்வளவுதான். சிவகாமி காறித் துப்பாத குறையாக எழுந்து வாசல்வரை வந்தாள். தெருவில் ஒரு பள்ளிப் பேருந்து மார்க்கெட் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அது மறையும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கோப்பைக் கொடுத்தாள்.

வெற்றிவேந்தனின் கணினி முத்திரையோடு போன அறிக்கையை வடிகட்டி நான்கு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. மாலைக்குள் பாலத்துக்குத் தடுப்பு வைத்தார்கள். மறுநாள் செய்தித்தாளில், விரிசலில் கைவைத்துக்கொண்டு வெற்றிவேந்தன் பல் தெரியச் சிரித்தார். சிவகாமி அந்தப் பக்கத்தை நாலாகக் கிழித்தாள். ஆறுசாமியை, குப்புராஜை, சட்டம் போட்டவர்களை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டு வந்து, மட்டம் தட்டிய தன் வாயில் வந்து நின்றாள். அதற்குமேல் திட்ட ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து வெற்றிவேந்தனிடமிருந்து போன் வந்தது. குரலில் முதல்முறையாகக் கொஞ்சம் பயம் இருந்தது.

"மேடம், என்னைப் பாலங்களுக்கு ஆலோசகரா போட்டுட்டாங்க. இன்னும் ஏழு பாலம் அனுப்பியிருக்காங்க. ஒரு சின்ன சந்தேகம்... தூணுங்கறது ரோட்டுக்கு மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

சிவகாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கீழ," என்றாள். "ஏழையும் அனுப்புங்க."