நாயைப் பிடிங்க

போன வாரம் கெரெல்மா ஒரு பெட்ரோல் பீப்பாய்க்கு வணக்கம் சொன்னாள். "வாங்க சித்தப்பா, ஆடு ஒட்டகமெல்லாம் சுகமா?" என்று மரியாதையாக விசாரிக்கவும் செய்தாள். பீப்பாய் பதில் சொல்லவில்லை.

அம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவளுக்குக் கண்ணு சரியில்லைங்க" என்றாள் அப்பாவிடம்.

கெரெல்மாவுக்கு வயது பத்து. பள்ளியில் கரும்பலகையில் என்ன எழுதினாலும் அவளுக்குத் தெரியாது. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து, அவள் செய்த தப்பையும் சேர்த்து எழுதுவாள்; இருவரும் திட்டு வாங்குவார்கள். கண் டாக்டரோ வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் தலன்சத்காத் நகரத்துக்கு வருவார். அந்த நாள் இன்று. தவறவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும்.

விடிந்ததும் அப்பாவின் மோட்டார் பைக்கில் கிளம்பினார்கள். அம்மா வழக்கம்போல அவர்கள் போகும் திசையில் ஒரு கரண்டி பாலைத் தெளித்து வழியனுப்பினாள். கோபி பாலைவனத்தில் சாலை ஏது? பழைய டயர் தடத்தைப் பிடித்துப் போனார்கள்.

பாதி வழியில் அப்பா பைக்கை நிறுத்தினார். வடமேற்கே வானம் பழுப்பாக எழுந்து நின்றது.

"அங்க என்னப்பா, மலையா?"

"மலைன்னா ஓடிவராது கண்ணு. புழுதிப்புயல். கெட்டியா பிடிச்சுக்கோ."

நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் ஒரு கம்பளிக் கூடாரம் இருந்தது. வாசலுக்கு வந்ததும் அப்பா, "நாயைப் பிடிங்க" என்று கத்தினார். கோபியில் யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் குரல் கொடுக்கவேண்டும், நாயே இல்லாத வீடானாலும் சரி. பதில் வரவில்லை. கதவில் பூட்டும் இல்லை. வழியில் வருகிறவர்கள் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடிக்கட்டும் என்று அங்கே யாரும் பூட்டமாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததுதான் தாமதம், புயல் வந்து மோதியது. கூரை எம்பியது. அதன் நடுவிலிருந்து தொங்கிய கயிற்றை அப்பா பாய்ந்து பிடித்து, தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கினார். கூடாரம் மறுபடி தரையில் உட்கார்ந்தது.

"அப்பா, நகரத்துக்கு?"

"இனிமே எங்க போறது? அடங்கினதும் வீட்டுக்குத்தான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கெரெல்மாவுக்குத் துக்கம் தாங்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். கயிற்றை விட்டுவிட்டு வந்து தேற்ற அப்பாவால் முடியவில்லை. "மூக்கை என் சட்டையில துடைச்சுக்கோ, பரவாயில்ல" என்றார்.

துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஹாரன் சத்தம் கேக்குதுப்பா."

"காத்தா இருக்கும்."

"இல்ல. காத்து நிக்காம ஊளையிடுது. இது விட்டு விட்டு வருது."

கண் மங்கலானதிலிருந்து, எது எங்கே வருகிறது என்பதை அவள் காதால்தான் கண்டுபிடிப்பாள்.

"யாரோ வழி தெரியாம சுத்துறாங்கப்பா. நாம இங்க இருக்கோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா கயிற்றைப் பார்த்தார். விட்டால் கூரை போய்விடும். "வாசலைத் தாண்டி ஒரு அடி வைக்கக்கூடாது" என்றார்.

அடுப்பருகே பெரிய அலுமினியச் சட்டி இருந்தது. காற்று கூடாரத்தின் பின்பக்கம் மோதியதால் கதவைத் திறக்க முடிந்தது. கெரெல்மா நிலைப்படியருகே உட்கார்ந்து, சட்டியைக் கரண்டியால் அடித்தாள். டங், டங், டங். நிறுத்திக் காது கொடுத்தாள். ஹாரன் இடப்பக்கம் விலகிப் போனது. இன்னும் வேகமாக அடித்தாள். கை வலித்தது, வாயெல்லாம் மண். மறுபடி கேட்டாள். இப்போது நேர் எதிரில்.

புழுதிக்குள் மஞ்சளாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. ஒரு ஜீப் வந்து நின்றது. "நாயைப் பிடிங்க" என்றது ஒரு பெண் குரல்.

"நாயும் இல்ல, வீட்டுக்காரரும் இல்ல. நீங்க வாங்க" என்றாள் கெரெல்மா.

தகரப் பெட்டியை அணைத்தபடி ஓர் அம்மா உள்ளே வந்தார். "சட்டி அடிச்சது நீயா பாப்பா? அரைமணி நேரமா ஒரே இடத்தைச் சுத்திக்கிட்டு இருந்தேன். நல்ல காரியம் செஞ்ச."

"எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டார் அப்பா, கயிற்றில் தொங்கியபடியே.

"தலன்சத்காத் ஆஸ்பத்திரிக்கு. காலையிலயே போயிருக்கணும். கண்ணைக் காட்ட நூறு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அப்பா கயிற்றை விட்டுவிட்டார். கூரை எம்பியது. பதறி மறுபடி பிடித்துக்கொண்டார். "நூத்தியொண்ணாவது ஆள் இங்க இருக்கா, டாக்டரம்மா" என்றார்.

டாக்டர் எழுத்து அட்டையைக் கூரைக் கழியில் தொங்கவிட்டார். பெட்டியிலிருந்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். ஏழாவது கண்ணாடியில் கெரெல்மா கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிட்டாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, உங்க மீசை நரைச்சிருக்கு."

"அது மண்ணு" என்றார் அப்பா.

"இந்தக் கண்ணாடி உனக்குத்தான், வச்சுக்கோ" என்றார் டாக்டர்.

கெரெல்மா சூடாகத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் புயலும் ஓய்ந்தது. மூவரும் வாசலுக்கு வந்தார்கள்.

"ஆட்டு மந்தை வருதுப்பா. பின்னாடி ஒருத்தர் குதிரையில வர்றாரு. கூடவே ஒரு கறுப்பு நாய்."

அப்பா கண்ணைச் சுருக்கினார். "எனக்கு ஒரு புள்ளிதான் தெரியுது."

"அப்ப உங்களையும் டாக்டர்கிட்ட காட்டணும்."

வீட்டுக்காரர்தான் வந்துகொண்டிருந்தார். தன் வீட்டு வாசலில் புது ஆட்களைக் கண்டதும் நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. கெரெல்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு உரக்கக் கத்தினாள்.

"நாயைப் பிடிங்க!"

வீட்டுக்காரர் குதிரையிலிருந்து குதித்து, நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சாச்சும்மா" என்றார் மூச்சு வாங்க. "நான் உள்ள வரலாமா?"