தாழைத்தீவின் ஊற்று

படகிலிருந்து முதலில் குதித்தவள் ஜெனோவா. தாழைத்தீவில் தன் காலடிதான் முதலில் படவேண்டும் என்று கரையிலேயே சண்டை போட்டு வந்தவள். தம்பி கிளிட்டஸ் அரிசிப் பையையும் அடுப்புக்குழி வெட்ட மண்வெட்டியையும் சுமந்துகொண்டு பின்னால் இறங்கினான். கல்லூரி விடுமுறை. பாறை ஏறுவது, மீன் சுட்டுத் தின்பது, காலை நீட்டித் தூங்குவது, இவ்வளவுதான் திட்டம்.

படகை ஓட்டிவந்த இன்னாசி மாமா மட்டும் நேராகத் தாழம்புதரடிக்குப் போனார். அங்கிருந்த ஊற்றின் முன் குனிந்து ஏதோ செய்தார். சிரட்டையால் மொண்டு குடித்துவிட்டு வந்தார்.

"ஏட்டி, தீவுக்கே இந்த ஒரு ஊத்துதான். முழங்கை ஆழத்துக்கு மேல நோண்டிராதீக, கடத்தண்ணி ஏறிரும். வெள்ளிக்கிழம வாரேன்."

"நாங்க என்ன சின்னப் புள்ளைகளா மாமா?"

இரண்டு நாள் ராஜபோகம்தான். கடல் குடைந்த பாறைகளுக்குள் ஊர்ந்து போனார்கள். நண்டு துரத்தினார்கள். ஊற்றுதான் இருக்கிறதே என்று கொண்டுவந்த கேன் தண்ணீரைச் சட்டி கழுவியே தீர்த்தார்கள்.

வியாழன் காலை ஊற்றில் மொண்ட சிரட்டையோடு ஒரு காசு வந்தது. களிம்பேறிய பழைய செப்புக் காசு. ஜெனோவா கையை விட்டுத் துழாவினாள். இன்னும் இரண்டு.

"ஏதோ கப்பல் ஒடஞ்சிருக்குல. அடியில பெட்டியே கெடக்கும்."

"மாமா நோண்டக்கூடாதுன்னாகளே."

"பெட்டிய எடுத்துட்டு மூடிருவோம்."

காசைக் கண்டபின் யார் பேச்சு காதில் ஏறும்? மாறி மாறி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் போயும் பெட்டி இல்லை. பக்கத்து மணல் சரிந்தது. அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. கிளிட்டஸ் ஆசையாக அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினான்.

"உப்பு கரிக்குதுக்கா."

மணலைத் தள்ளி மூடினார்கள், காத்திருந்தார்கள், மறுபடி மேலாகத் தோண்டினார்கள். உப்பு. வேறு இடங்களிலும் உப்புதான். வெள்ளிக்கிழமை மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்து, அலை பாறைக்கு மேல் எழும்பியது. எந்தப் படகும் வரவில்லை. சனிக்கிழமை தாகம் பொறுக்காமல் கிளிட்டஸ் அந்த உப்புநீரையே குடித்தான். வாந்தி எடுத்தான். சாயங்காலம் அவனுக்குப் பேச்சு குழறியது. தம்பியைத் தானே கொன்றுவிட்டதாக ஜெனோவா நம்பினாள். அழக்கூட அவளுக்குக் கண்ணில் ஈரம் இல்லை.

ஞாயிறு காலை மாமா துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோயிருந்தது. கொண்டுவந்த தண்ணீரெல்லாம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. கிளிட்டஸைப் பார்த்ததும் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினார். மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நெற்றியில் ஒற்றி, பள்ளத்தில் போட்டார். பிறகுதான் மொண்டார்.

வாயில் வைத்தவர் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஜெனோவா உள்ளங்கையை விரித்து மூன்று காசுகளையும் காட்டினாள்.

"எங்க ஐயா போட்டதா இருக்கும்," என்றார் மாமா. "குடிக்க வாரவுக எல்லாரும் போடுவோம். மணல் முழுங்கிரும், பழசு எப்பவாச்சும் மேல வரும். ஒங்ககிட்ட சொல்லாமப் போனேன் பாரு."

அவர் திட்டியிருந்தால் ஜெனோவாவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவரோ வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு கிளிட்டஸைத் தோளில் போட்டு நடந்தார். பாய் விரித்துக் கரை சேரும்போது இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அவனைப் பிழைக்க வைத்தார்கள்.

தீவிலிருந்து தப்பித்து வந்த சூரர்கள் என்று தெருவே கதை கேட்க வந்தது. ஜெனோவா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு மழ பெஞ்சா நல்ல தண்ணி ஊறிரும்ட்டி," என்றார் மாமா. அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது.

அடுத்த கோடையில் ஜெனோவா மாமாவோடு போனாள். முன்பு அந்த ஊற்றை நம்பி வந்த படகுகளில் எல்லாம் வலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கேன்கள் இடத்தை அடைத்திருந்தன. தாழம்புதரடியில் மூன்று காசுகளையும் நெற்றியில் ஒற்றிப் பள்ளத்தில் போட்டாள். ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு.

மாமா படகிலிருந்த கேனைத் திறந்து ஒரு சிரட்டைத் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.