பத்தைப் பதினொன்றாக்கியவள்

சகல உலகத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், சேந்தமங்கலம் சாலையிலுள்ள தமிழரசுவின் முட்டைக் கிடங்கில், மனிதக் கண்ணை ஓய்வுக்கு அனுப்பவல்ல மகத்தான கேமரா இன்று பிற்பகல் திறந்துவைக்கப்படும். வாழைமரம் கட்டியாயிற்று. பொன்னாடைகள் வந்துவிட்டன. கேமராவுக்கு அளக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி.

அதற்காகச் சேலத்திலிருந்து வந்திருந்த ஹெலனின் கல்யாண மோதிரம், சோப்புப் போட்டாலும் கழலாதது, தானாகக் கழன்று, முட்டைகளை நகர்த்தும் பெல்ட்டில் உருண்டது.

முட்டைக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்ப்பதற்காகச் சன்னல்களை அடைத்திருந்த அந்த அறையில், நடுப்பகலிலும் கோழி எச்ச வாடையும் சூடான ரப்பர் நெடியும் இருட்டோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருக்க, எங்கோ ஒரு மின்விசிறி நோயாளியைப்போல முனகிக்கொண்டிருந்தது. சற்றுமுன் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தகட்டை லென்சுக்கு அடியில் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டம் பத்து மில்லிமீட்டர் என்று கணினிக்குச் சொல்லியிருந்தாள். நடுத்தர முட்டையெல்லாம் திரையில் நடுத்தரமாகவே தெரிந்ததில் தமிழரசு மனம் நொந்துபோனார்.

“ஏனுங்க மேடம், கொஞ்சம் பெருசாக் காட்டச் சொல்லுங்க. ஊர்ல எல்லாரும் பெருசாத்தானுங்க காட்டிக்கறாங்க.”

இல்லாவிட்டால் வேலை முடிந்ததற்குக் கையெழுத்துக் கிடையாது என்பதையும் பணிவோடு தெரிவித்தார். கையெழுத்தில்லாமல் திரும்பினால் ஹெலனுக்கு வேலை இல்லை. தகட்டைப் பிடித்தபடியே பத்தைப் பதினொன்றாக்கினாள். பொன்னாடைக்குத் தோள் காட்ட அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் மோதிரம் கழன்றது.

சந்தேகப்பட்டு வெர்னியர் அளவுகோலால் முட்டையை அளந்தாள். அதுவும் கேமரா சொன்னதையே சொன்னது. இரும்புக் கருவி தமிழரசுவுக்குப் பயப்படாது. முட்டை நிஜமாகவே பெருத்திருந்தது. தகட்டோடு தன் கையும் லென்சுக்கு அடியில் இருந்தது நினைவுக்கு வந்தது. செருப்பு தளர்ந்தது. சுடிதார்க் கை விரல்களை மூடியது. முட்டைக்குக் கூடியதெல்லாம் அவளிடமிருந்து குறைந்துகொண்டிருந்தது.

பதினொன்றைப் பத்தாக்கினால் போதும். கையெழுத்தை வாங்கிவிட்டு மாற்றலாமே என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்தில் மேசை விளிம்பு அவள் மோவாய்க்கு வந்துவிட்டது.

கீபோர்டு பெல்ட்டுக்கு அந்தப்பக்கம். நாற்காலியில் ஏறினாள். துணிகள் நழுவிக் குவியலாக விழுந்தன. பெல்ட்டில் தவழ்ந்தாள். தலைக்குமேல் லென்ஸ். வெளிச்சம் வெட்டியது. அளந்துகொண்டது.

பக்கத்து முட்டை முழங்கால் உயரம்.

மறுபடி வெளிச்சம்.

தோள் உயரம்.

கத்தினாள். கீச்சென்று வந்தது.

கதவு திறந்தது. மாலையும் கழுத்துமாகத் தமிழரசு. பின்னால் பெரிய மனிதர்கள்.

“மேடம் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

குவியலிலிருந்து துப்பட்டாவை எடுத்துத் திரையைத் துடைத்தார். பொத்தானை அழுத்தினார். பெல்ட் நகர்ந்தது. திரையில் பெரியது, பெரியது, பெரியது. கைதட்டல்.

அவள் முறை.

மேலேயிருந்து, முட்டை தூக்கும் ரப்பர்க் குவளை இறங்கியது. உள்ளே காய்ந்த மஞ்சள் கரு. தலை. தோள். இருட்டு.

அன்றைய சேதாரம் ஒரு முட்டை.