இரண்டு தடவை சொன்ன படம்

ஜோன் சொல்வதற்கு முன்பே அம்மா சிரித்துவிட்டாள்.

படத்தில் ஒரு தகப்பன் கூரை விளிம்பில் வண்ண விளக்குகளை மாட்ட ஏணியில் ஏறிக்கொண்டிருந்தான். ஏணி சரிந்தது. பனிக்குவியலுக்குள் தலைகுப்புற விழுந்தான். ஜோன் வழக்கம்போலக் காட்சியைப் பார்த்து, மனத்துக்குள் தமிழாக்கி, வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் வயிறு குலுங்கியது.

“ரெண்டு காலும் மேல நிக்குதாமே,” என்றாள் அம்மா.

கால்களைப் பற்றி ஜோன் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சத்தத்தை வைத்து ஊகித்திருப்பாள் என்று ஜோன் நினைத்துக்கொண்டாள். பிற்பகல் மூன்று மணி. பிடோக் வட்டாரம் முழுவதும் டிசம்பர் மழையில் சாம்பல் நிறமாகியிருந்தது. எட்டாம் மாடியின் ஜன்னல் கண்ணாடிகளில் நீர் ஓயாமல் வழிந்துகொண்டிருக்க, கூடத்தில் தொலைக்காட்சியின் நீல வெளிச்சமும் கண் களிம்பின் மருந்து நெடியும் மட்டும் இருந்தன.

அம்மா பிலோமினம்மாளுக்கு இடது கண் சிறு வயதிலேயே அம்மையில் போய்விட்டது. இருந்த வலது கண்ணில் புரை எடுத்து இன்று ஆறாவது நாள். பஞ்சு வைத்து, அதன்மேல் துளைகள் போட்ட உலோக மூடியை ஒட்டியிருந்தார்கள். தையல் பிரிக்கும்வரை குனியக் கூடாது, இருமக் கூடாது, திடுக்கென்று எழுந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, அழக் கூடாது. தேம்பி அழுதால் தையல் விட்டுப்போகும், பிறகு இந்தக் கண்ணும் இல்லை என்று மருத்துவர் அம்மாவிடம் சொல்லாமல் ஜோனை வெளியே அழைத்துச் சொன்னார்.

அம்மா எதற்கும் அழுகிறவள். ஜெபமாலை சொல்லும்போது அழுவாள். தமிழ்ப் படம் என்றால் பெயர் போடும்போதே தொடங்கிவிடுவாள். அதனால்தான் ஜோன் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த அப்துல் கஃபாரின் வீடியோ கடைக்குப் போய், அழுகை இல்லாத படம் வேண்டும் என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அழுகை இல்லாத படமா? தமிழ்ல கிடையாது மா,” என்றார் அவர். “இங்கிலீஷ்ல எடுத்துட்டுப் போ லா. கிறிஸ்மஸ் படம் ஆறு இருக்கு. எல்லாம் சிரிப்பு.”

ஆறு வீடியோ நாடாக்களையும் ராஃபியா கயிற்றில் கட்டிக் கொடுத்தார். அண்ணன் லாசரஸ் பூன் லே வீட்டிலிருந்து வீடியோ பெட்டியை டாக்சியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது; இப்போது கண்ணும் தெரியாது. இயற்பியல் படித்துவிட்டு வேலைக்கான கடிதத்துக்குக் காத்திருந்த ஜோன், அம்மாவின் வலப்பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொன்னாள். இடப்பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி. நலம் விசாரிக்க வருகிறவர்களுக்காகப் போட்டது. இந்த மழையில் யாரும் வரவில்லை.

படத்தில் தகப்பனைக் குழந்தைகள் பனியிலிருந்து இழுத்தார்கள்.

“இப்ப புள்ளைங்க எல்லாம் சேந்து அவரை இழுக்குறாங்க மா,” என்றாள் ஜோன்.

“தெரியுதுடி. அதான் முதல்லயே சொல்லிட்டியே. ஏன் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்ற?”

ஜோன் திரும்பிப் பார்த்தாள். அம்மா சாய்வு நாற்காலியில் அசையாமல் படுத்திருந்தாள். முகம் சற்றே இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“ரெண்டு தடவையா?”

“முதல்ல இந்த இடது காதுல. அப்புறம் அந்தக் காதுல. சுத்திச் சுத்தி வராத, ஒரு இடத்துல உக்காரு.” அம்மா சிரித்தாள். “முதல் தடவை நல்ல தமிழ்ல சொல்ற. ரெண்டாவது தடவைதான் ‘நாம’வையும் ‘நாங்க’ளையும் குழப்பி உளர்ற.”

ஜோன் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அவள் தமிழ் அப்படித்தான். ஆங்கிலப் பள்ளியில் படித்தவள். அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். முந்தாநாளும் அந்தத் தவறைச் செய்திருந்தாள்.

முந்தாநாள் போட்டது மூன்றாவது நாடா. உறையில் கிறிஸ்மஸ் தாத்தா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது வேறு படம். பனிக்குள் தனித்த ஒரு வீடு, கட்டிலில் நோயாளி, தட்டாமலே திறக்கும் கதவு. கிறிஸ்மஸ் கேரல் பாட வந்தவளைப் போல வெள்ளை உடுத்திய ஒரு பெண் மெழுகுவத்தியுடன் உள்ளே வந்தாள். சுடர் முகத்துக்கு நேர் கீழே எரிந்தும் முகத்தில் வெளிச்சம் விழவில்லை. அவள் கட்டிலின் மேல் குனிந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள்.

“என்னடி, சத்தத்தையே காணோம்?” என்றாள் அம்மா அன்று.

பயப்படுத்தக் கூடாது. ஜோன் குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டாள். “ஒண்ணுமில்ல மா. கேரல் பாட வந்திருக்காங்க. ‘உங்க பக்கத்துல நாம உக்காரலாமா’ன்னு கேக்குறாங்க.”

“‘நாங்க’ன்னு சொல்லுடி. நாமன்னா யார்கிட்ட கேக்குறாங்களோ அவங்களும் சேர்த்தி. நீயும் நானும் அவளும் ஒண்ணா உக்காரப் போறமா?” அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. படுத்தபடியே இடக்கையை நீட்டிப் பிரம்பு நாற்காலியைத் தட்டினாள். “சரி, உக்காரட்டும். இது சும்மாத்தானே கிடக்கு.”

ஜோன் உடனே படத்தை நிறுத்தினாள். நிறுத்திய கணத்தில் திரையிலிருந்த அந்தப் பெண் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இப்போது மழை வலுத்தது. பிரம்பு நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது. பிரம்பு ஈரத்தை உறிஞ்சும், விரியும், சத்தம் போடும். இதற்கு விளக்கம் உண்டு. எல்லாவற்றுக்கும் உண்டு. அம்மாவுக்குக் கேட்டது பக்கத்து வீட்டு வானொலியாக இருக்கலாம். ஜோன் எழுந்து வாசல் இரும்புக் கதவு வழியாக நடைபாதையைப் பார்த்தாள். வரிசையாக மூடிய கதவுகள். ஈரக் குடை ஒன்று. வேறொன்றும் இல்லை.

திரும்பி வந்து, அவள் இதுவரை பார்த்திராத ஆறாவது நாடாவைப் போட்டாள். ஒலியை முழுவதுமாகக் குறைத்தாள். உதடுகளை இறுக மூடிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

சோதனை எளியது. இனி இந்த அறையில் மழையைத் தவிர வேறு சத்தம் இல்லை.

திரையில் ஒரு விருந்து மேசை. தட்டுகள், மெழுகுவத்திகள், குழந்தைகள். ஒரு நிமிடம் போயிற்று. அம்மா அசையவில்லை. இரண்டு நிமிடம். ஜோன் மூச்சை விட்டாள்.

“அடப்பாவி,” என்றாள் அம்மா, மகிழ்ச்சியாக. “வான்கோழியத் தூக்கிட்டு ஓடுறானா? பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு?”

மேசையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் ஓடவில்லை.

பிறகு திரையில் வலப்பக்கத்துக் கதவு திறந்தது. பச்சைக் கோட்டு அணிந்த கிழவன் ஒருவன் உள்ளே வந்தான். மேசையிலிருந்த வான்கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஜோன் பிரம்பு நாற்காலியைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. ஆனால் இருக்கையின் பின்னல் நடுவில் தொய்ந்திருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. சற்றுமுன் ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை.

அம்மாவை இழுக்க முடியாது. தலை அதிரக் கூடாது. கத்த முடியாது. கத்தினால் எழுந்துவிடுவாள்.

ஜோன் சுவரோரம் போனாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். படம் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. கூடம் இருண்டது.

“மா. படம் முடிஞ்சிருச்சு.”

“எங்க முடிஞ்சுது? இப்பத்தானே அந்தப் பொண்ணு வந்திருக்கா.”

“எந்தப் பொண்ணு?”

“நீதானே சொல்ற. ஏதோ வயரக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறாளாம். செருப்பு போடல. கால் சில்லுனு இருக்காம்.”

ஜோன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். வெறும் பாதங்களின் கீழே தரை சில்லென்றிருந்தது.

“அது சோகப் படம் மா. கேக்காதீங்க.”

“ஷ்ஷ். ரெண்டாவது தடவை பேசாத. முதல்ல சொல்றது கேக்க மாட்டேங்குது.”

ஜோன் கம்பியை நழுவவிட்டாள். நான்கு அடி. அம்மாவின் தலைமாட்டில் நின்று குனிந்து, தலை அசையாதபடி, இடக் காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

புறங்கையில் மூச்சுப் பட்டது.

குளிர்ந்த மூச்சு. விட்டு விட்டு வந்தது. சிறிது நீண்டு, சிறிது நின்று, மறுபடி. சொற்களின் நீளத்தில்.

கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். பயனில்லை. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். உதட்டிலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நேரானது.

“ஐயோ,” என்றாள் அம்மா மெதுவாக. “அந்தப் பொண்ணுக்கா?”

“மா. என் பேச்சைக் கேளுங்க. நான் இங்க இருக்கேன்.”

“அவ்வளவு சின்ன வயசுலயா?”

“மா.”

“அவங்கம்மா பக்கத்துல இருந்துமா?”

மழை மட்டும் பதில் சொன்னது. அல்லது, ஜோனுக்குக் கேட்டது அவ்வளவுதான். அம்மா தொடர்ந்து கேட்டாள். முடியும்வரை கேட்டாள். கீழுதடு துடித்தது. ஜோன் வலப்பக்கமாக வந்து அவள் கையைப் பிடித்தாள். அம்மா அதை விலக்கினாள்.

இடக்கையைத் தூக்கினாள்.

“அழாதடி ஜோனு,” என்றாள் பிரம்பு நாற்காலியிடம். “கதைதானே.”

முதல் விம்மல் வந்தது. அடக்கப் பார்த்தாள். இரண்டாவதில் தோள்கள் தூக்கிப் போட்டன. உலோக மூடியின் துளைகளில் நீர் கசிந்தது. தெளிந்த நீர். கன்னத்தில் இறங்கியது. பிறகு இளஞ்சிவப்பு. பிறகு சிவப்பு.

நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்த ஒருத்தியின் தலை இருக்கும் உயரத்தில், அம்மாவின் கை ஒன்றுமில்லாத இடத்தில் வளைந்து, மெல்ல மெல்லத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தது.