பெயர் போட்ட குழம்பு

விடிந்து சற்று நேரத்துக்குள் செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில் பாதிப்பேர் செண்பகவல்லி வீட்டு எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு 'ஆஹா' போட்டுவிட்டார்கள். குழம்பு என்னவோ அவள் வீட்டு மேசையில் ஒரே ஒரு கிண்ணத்தில்தான் இருந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே வயிற்றுக்குக் குழாய்க்கூழ், வாய்க்குச் சுவைப்படம். கண்ணில் பொருத்திய வில்லை உணவைப் படம் பிடிக்கும்போதே அதன் சுவையையும் அளந்து படத்தோடு சேர்த்துவிடும். பார்ப்பவர் அரை நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், நாக்கடிச் சில்லு அந்தச் சுவையை அப்படியே எழுப்பும். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் நிற்கும்.

அந்தப் பெயரில்தான் வில்லங்கம். செண்பகவல்லி வருஷக்கணக்காகப் படம் போடுகிறாள், நாய்கூடச் சீந்தியதில்லை. முதல்முறையாக ஊரே கொண்டாடும் படத்தின் கீழே எதிர்வீட்டு எஸ்தரின் பெயர் இருந்தது. செண்பகவல்லியின் பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை ஒட்டியிருந்தாள் அந்தப் புண்ணியவதி. செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டினாள்.

"என் சோத்துல கை வைக்க உனக்கு வெக்கமா இல்ல?"

"சோத்துல எங்க வச்சேன், படத்துலதான," என்றாள் எஸ்தர், நின்ற இடத்தைவிட்டு அசையாமல். "அது உன் படம்னு எவன் சொன்னான்?"

விஷயம் நீதிப்பொறியிடம் போயிற்று. இரக்கம், தயவு தாட்சண்யம் எதுவும் வைத்துச் செய்யப்படாத இயந்திரம் அது. மண்டபம் நிறையக் கூட்டம். வேடிக்கை பார்க்க மட்டும் எந்தக் கோளிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை.

"உணவை அறிந்தவருக்கே படம் சொந்தம்," என்றது பொறி. "சுவையைச் சொல்லுங்கள்."

செண்பகவல்லி முந்திக்கொண்டாள். "புளி கொஞ்சம் தூக்கல். காரம் பின்னாடிதான் ஏறும். உப்பு அளவுன்னா அளவு, அப்படி ஒரு அளவு. எல்லாம் என் கைப்பக்குவம்."

எஸ்தர் விடுவாளா? "அதேதான். உப்பும் புளியும் அவ்வளவு பொருத்தம். நான் வச்சதாச்சே."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியின் கணவர் மாசிலாமணி தயங்கித் தயங்கி எழுந்தார்.

"சமைச்சது நான்," என்றார். "அதுல உப்பே போடல. மறந்துட்டேன். வாயில வச்சதும் துப்பிட்டேன். சொல்லலாம்னு வர்றதுக்குள்ள இவ படம் பிடிச்சு அனுப்பிட்டா. கிண்ணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கல."

பொறி பதிவுகளைத் துழாவியது. "இந்தப் படத்தைச் சுவைத்தவர் இதுவரை எவருமில்லை," என்றது. 'ஆஹா' போட்டவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அரை நிமிடம் கண்ணை மூட யாருக்கு நேரம் இருக்கிறது? 'ஆஹா' போட ஒரு சிமிட்டல் போதும்.

செண்பகவல்லிக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன் என்று கணவரை முறைத்தாள். பிறகு பொறியிடம், "படம் எஸ்தரோடதாவே இருக்கட்டும். பேரு போட்டுக்கிட்டது அவதான," என்றாள்.

"எனக்கு எதுக்கு? எடுத்தது நீங்கதானக்கா," என்றாள் எஸ்தர். அக்கா என்று அவள் கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை.

"உணவை அறிந்தவர் இருவரும் இல்லை. ஆகவே எடுத்தவருக்கே படம். எடுத்த வில்லை செண்பகவல்லியுடையது," என்றது பொறி. "அவர் மனு ஏற்கப்படுகிறது. இனி எவராலும் அழிக்க முடியாதபடி அவர் பெயர் பொறிக்கப்படும்."

அவள் மண்டப வாசலைத் தாண்டுவதற்குள் கண்வில்லை மினுங்கியது. அதே குழம்பு. மேலே 'உப்பில்லாக் குழம்பு' என்று தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர், வீட்டு எண், மனமார்ந்த நன்றி. ஊர் வழக்கம்போலச் சுவைக்காமலே 'ஆஹா' போட ஆரம்பித்திருந்தது. பகிர்ந்தவள் எஸ்தர். இந்த முறை பெயரில் ஓர் எழுத்தைக்கூட அவள் விடவில்லை.